குதிரையக்காவின் பலகை

எடை போடும் நாள் என்றால் பன்றிகளைவிட மனிதர்கள்தான் அதிகம் கத்துவார்கள். பன்றி ஒரு தடவை வீறிட்டுவிட்டு எடைக்கூண்டுக்குள் போய் நின்றுகொள்ளும். கதவை இழுத்துச் சாத்துகிறவர் ஒரு பக்கம், பின்னாலிருந்து தள்ளுகிறவர் ஒரு பக்கம், முள் நிற்பதற்குள் எண்ணைச் சொல்லு சொல்லு என்று பறக்கிறவர் ஒரு பக்கம் என்று கொட்டகை இரண்டுபடும். அன்றைக்கும் அப்படித்தான். குதிரையக்கா மட்டும் கத்தவில்லை. ஒவ்வொரு பன்றியின் முதுகிலும் உள்ளங்கையை வைத்து, காதோரம் குனிந்து ஏதோ சொல்லி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். என்ன சொல்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. ‘ஒண்ணும் ஆகாது, போயிட்டு வா’ என்பதுதான் அது. பிரார்த்தனைக்கும் அதற்கும் அவளைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் கிடையாது.

குதிரையக்கா என்பது அவளுடைய தம்பி வைத்த பெயர். சின்ன வயதில் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். குதிரைதான் படுக்காமல் தூங்கும் என்று யாரோ சொல்ல, மழலை மாறாத தம்பி அன்றைக்கே ‘குதியையக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தான். நாக்குத் திருந்திய பிறகும் பெயர் மாறவில்லை. இப்போது அவன் தன் பிள்ளைகளுக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பான். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். தீவன மூட்டை இறக்க வருகிறவர்கள் அவளுடைய நடைக்கு வைத்த பெயர் என்று நினைத்திருந்தார்கள். இந்த வயதிலும் அவள் அப்படி ஒரு நடை நடப்பாள்.

பண்ணை தம்பியுடையது. அவன் வாங்கிய நிலம், அவன் கட்டிய கொட்டகை. குதிரையக்காவும் அவள் வீட்டுக்காரரும் அவனோடு சேர்ந்து பாடுபடுகிறவர்கள். வீட்டுக்காரர் லாரி ஓட்டுவார். பால்குடி மறந்த குட்டிகளை ஏற்றிவருவதும், வளர்ந்தவற்றை இறைச்சிக் கம்பெனிக்குக் கொண்டுபோவதும் அவர் வேலை. இடையில் உள்ள காலம் முழுவதும் குதிரையக்காவின் பொறுப்பு. “கொண்டாந்து விடுறதும் நான், கொண்டுபோய் விடுறதும் நான். நடுவுல வாழ வைக்கிறது மட்டும் நீ. நல்ல பேரெல்லாம் உனக்குத்தான்” என்பார். அதில் பாதி கிண்டல், பாதி பெருமை. வெட்டுக்குப் போகிற உயிர்தானே என்று யாராவது சொன்னால் குதிரையக்காவுக்குப் பிடிக்காது. போகிற நாள் ஆண்டவன் கையில், இருக்கிற நாள் நம் கையில் என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

அக்காவுக்கும் தம்பிக்கும் தகராறு வந்தது ஓர் எண்ணில். ஓர் அறைக்குப் பத்துப் பன்றி என்பது ஆரம்பத்திலிருந்து வந்த வழக்கம். தீவன விலை ஏறிக்கொண்டே போனது. கம்பெனிக்காரரும் தலை எண்ணிக்கையைக் கூட்டு, இல்லாவிட்டால் பெரிய பண்ணையாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். புதிதாகக் கொட்டகை கட்ட வழியில்லை. இருக்கிற அறையிலேயே பதினைந்தை அடைத்தால் என்ன என்று தம்பிக்குத் தோன்றியது. குதிரையக்கா முடியாது என்றாள். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். மத்தியானம் தின்று முடித்துவிட்டுப் பன்றிகள் விலாப்புறமாகச் சாய்ந்து நாலு காலையும் நீட்டிப் படுக்கும். அத்தனையும் ஒரே நேரத்தில் அப்படிப் படுத்த பிறகு, நடுவில் தன் ஒரு பாதத்தை வைக்க இடம் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய அளவுகோல். தம்பி சிரித்தான். “உன் பாதத்தை வெச்செல்லாம் பண்ணை நடத்த முடியாதுக்கா” என்றான்.

இருவருக்கும் நடுவில் புகுந்து ஒரு வழி சொன்னவர் கால்நடை டாக்டர். சின்ன வயதுப் பெண். ஊசி போட வருகிறபோது பன்றியிடமும் மன்னிப்புக் கேட்கிற ரகம். அதனாலேயே குதிரையக்காவுக்கு அவரைப் பிடிக்கும். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு அறைகளை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் பத்து, இன்னொன்றில் பதினைந்து, ஒரே வயது, ஒரே தீனி, அறைக்கு எவ்வளவு போடுகிறீர்கள் என்று மட்டும் எழுதி வையுங்கள், இரண்டு மாதம் கழித்து எடை பேசட்டும் என்றார். நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்காரர் அன்றைக்கே இரண்டு அறைக்கும் பெயர் வைத்துவிட்டார். பதினைந்து அடைத்தது பஸ். பத்து இருந்தது வீடு. பஸ்ஸில் எந்நேரமும் படுக்க இடமில்லாமல் நின்றுகொண்டிருந்த, ஒரு காது மடங்கிய நோஞ்சானுக்குக் கண்டக்டர் என்று பெயர். “எல்லாரும் உக்காந்தாலும் கண்டக்டர் நின்னுதானே ஆகணும்” என்று அவர் சொன்னபோது தம்பியும் சிரித்துவிட்டான்.

அந்த இரண்டு மாதம் முடிந்த நாள்தான் அது. கடைசிப் பன்றியும் இறங்கியது. டாக்டர் எண்களைக் கூட்டி, வகுத்து, மறுபடியும் வகுத்துப் பார்த்தார். அவர் புருவம் ஏறியது. பஸ்ஸிலிருந்த பன்றிகளின் சராசரி எடை வீட்டிலிருந்தவற்றைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் தின்ற தீனி தலைக்கு வெகுவாகக் குறைவு. ஒரு கிலோ ஏறுவதற்கு வீட்டு அறைப் பன்றி தின்றதைவிடப் பஸ் பன்றி எவ்வளவோ குறைவாகத் தின்றிருக்கிறது. இப்படி நான் படித்ததும் இல்லை, பார்த்ததும் இல்லை என்றார் டாக்டர். தம்பி கைகளைத் தட்டிக்கொண்டான். கூட்டத்தில் இருந்தால் சிந்தாமல் சிதறாமல் தின்னும், சோம்பேறித்தனமும் வராது, இதுதான் நான் சொன்னது என்றான். எல்லாருக்கும் டீ கொண்டுவரச் சொல்லித் தன் வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தான். அடுத்த வாரமே லாரி அனுப்பி, காலியாக இருந்த எல்லா அறைக்கும் பதினைந்து பதினைந்தாகக் குட்டி இறக்கப்போவதாகச் சொன்னான்.

குதிரையக்கா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். தோற்றதில் அவளுக்கு வருத்தம் இருந்தது. ஆனால் வருத்தத்தைவிடக் குழப்பம்தான் பெரிதாக இருந்தது. பஸ்ஸை அவள் தினமும் பார்த்தாள். தொட்டியில் ஏழெட்டுப் பெரியவை முகத்தைப் புதைத்தால் சின்னவற்றுக்கு வாலைத்தான் பார்க்க முடியும். நின்றே பழகியவை, வெறுப்பில் ஒன்றின் வாலை ஒன்று கடித்தவை, தண்ணீர்க் குழாய்க்கு முறை வராமல் சுவரை நக்கியவை எல்லாம் அவள் கண்ணால் கண்டவை. அவை எப்படி எடை ஏறின? வீட்டு அறைப் பன்றிகள் என்ன பாவம் செய்தன, அவ்வளவு தின்றும் ஏறாமல் போக? சோப்பு நுரை கையில் காய்ந்துகொண்டிருந்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. குழாயை மூட மறந்து அப்படியே நின்றாள்.

இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவரின் அடியில் ஒரு சதுர வழி உண்டு. கழுவிவிடும்போது பன்றிகளை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் ஒதுக்குவதற்காக விட்டது. மரப்பலகை ஒன்று அதில் மேலும் கீழும் ஓடும். மத்தியானம் சாப்பிடப் போகிற தம்பி பொழுது சாய்ந்துதான் திரும்புவான். அவன் போனதும், அவள் அந்தப் பலகையைத் தூக்குவாள். தொட்டியிலிருந்து தள்ளப்பட்ட நாலைந்தை, முன்னால் கண்டக்டரை விட்டு, வீட்டுப் பக்கம் ஓட்டிவிடுவாள். அவை அங்கே வயிறு நிறையத் தின்னும். கால் நீட்டித் தூங்கும். வெயில் இறங்கும் நேரத்தில் திரும்பப் பஸ்ஸுக்குள் அனுப்பிப் பலகையை இறக்கிவிடுவாள். ஒளித்துச் செய்ய வேண்டும் என்று நினைத்துச் செய்ததல்ல. அதைச் சோதனையில் கை வைப்பதாகவே அவள் நினைக்கவில்லை. ஒரு வீட்டில் பிள்ளைக்குச் சோறு போதவில்லை என்றால் பக்கத்து வீட்டில் ஒரு தட்டு போடுவதில்லையா, அதுபோல. தினமும் பல் துலக்குகிறோம், அதைப் போய் யாரிடமாவது சொல்கிறோமா, அதுபோல.

இப்போது எல்லாம் விளங்கியது. பஸ் பன்றி தின்ற தீனி வீட்டுக் கணக்கில் ஏறிவிட்டது. பகலில் பாதி நேரம் பஸ் பஸ்ஸாகவே இல்லை. அவள் காட்டிய இரக்கம், எந்த நெருக்கடியைக் கண்டு மனம் பொறுக்காமல் காட்டினாளோ, அந்த நெருக்கடிக்கே நற்சான்று எழுதிக் கொடுத்துவிட்டது.

டீ வந்திருந்தது. அவள் ஈரக் கையோடு போய் நின்றாள்.

“அந்தக் கணக்கு சரியில்ல, தம்பி.”

“என்ன சரியில்ல?”

“பஸ்ல இருந்த பசங்க வீட்ல போய்ச் சாப்பிட்டாங்க. தினமும். நான்தான் பலகையைத் தூக்கி விட்டேன்.”

டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். தம்பி முதலில் சிரித்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். எதற்காக அப்படிச் செய்தாய் என்று கேட்டான். பாவமாக இருந்தது என்றாள். இந்தப் பதில் அவனுக்கு எரிச்சலைக் கிளப்பியது. இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, கணக்கு எனக்குச் சாதகமாக வந்த அன்றைக்குச் சொன்னால் அதை யார் நம்புவார்கள் என்று கேட்டான். வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, டீயைக் குடித்துவிட்டார்.

டாக்டர் நம்பினார். பொறுமையாகவே பேசினார். நெருக்கினால் பலமுள்ளது மேலும் தின்னும், பலமில்லாதது மேலும் இளைக்கும், படுத்துச் சீரணிக்க இடமில்லாத உடம்பு தின்றதைச் சதையாக மாற்றாது, நின்று நின்றே செலவழித்துவிடும் என்று விளக்கினார். பல இடங்களில் பார்த்தது இது, இங்கே மட்டும் தலைகீழாக வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது என்றார். பிறகு குதிரையக்காவின் பக்கம் திரும்பினார்.

“நீங்க செஞ்சது நல்லதுதான்க்கா. ஆனா அந்த நல்லது பேப்பர்ல ஏறல. பேப்பரைப் பார்க்கிறவங்களுக்கு நெருக்கம்தான் நல்லதுன்னு தோணும்.”

அப்படியானால் இந்தச் சோதனை செல்லாது, அவ்வளவுதான் சொல்ல முடியும், பதினைந்து தவறு என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது என்றார். சொல்ல வேண்டுமானால் வழி ஒன்றுதான். பலகையை ஆணி அடித்து மூடிவிட்டு இன்னொரு முறை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

எல்லாரும் குதிரையக்காவைப் பார்த்தார்கள். அவள் பஸ்ஸைப் பார்த்தாள். உள்ளே கண்டக்டர் இரண்டு கனத்த முதுகுகளுக்கு நடுவில் மூக்கைச் செருகி வழி தேடிக்கொண்டிருந்தது. தன் பேச்சு உண்மை என்று நிரூபிக்க, கண் எதிரே அது இளைப்பதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

“ஆணி அடிக்க மாட்டேன்” என்றாள்.

“அப்ப என் கணக்குதான் கணக்கு” என்று தம்பி எழுந்துவிட்டான்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வீட்டுக்காரர் லாரியை உருட்டியபடி பேசிக்கொண்டே வந்தார். அவள் அடுப்பில் உலை வைத்த பிறகுதான் கேட்டாள், நான் செய்தது தப்பா என்று. அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டு யோசித்தார். சிரிக்க வைக்கிற மனிதர் யோசித்தால் பார்க்கவே பயமாக இருக்கும்.

“தப்பில்லம்மா. ஆனா பஸ்ஸு நிறைஞ்சு வழியுது, நீ எழுந்து எழுந்து இடம் விட்டுக்கிட்டே இருக்கேன்னு வெச்சுக்க. டிரைவருக்குப் பஸ் நிறைஞ்சதே தெரியாது. அடுத்த ஸ்டாப்புலயும் நிறுத்தி ஏத்துவான். அவன் மேல மட்டும் தப்பு சொல்ல முடியுமா?”

சொல்லிவிட்டு, ரொம்ப நல்ல வார்த்தை சொல்லிவிட்டோமோ என்று கூச்சம் வந்ததுபோல, “சொல்றவன் டிரைவருங்கிறதால சொன்னேன்” என்று சேர்த்துக்கொண்டார். பிறகு, இந்த வீட்டுக் கட்டிலிலும் அதே கதைதான், பாதிக் கட்டில் காலியாகக் கிடக்க, நீ ஓரத்தில் பல்லி மாதிரி தொத்திக்கொண்டிருக்கிறாய், நான் தாராளமாக உருளுகிறேன் என்றார்.

குதிரையக்கா விளக்கு வைத்துக் கும்பிட நின்றாள். அவளுக்கு நீளமான பிரார்த்தனை தெரியாது. ‘என்னால யாருக்கும் இடைஞ்சல் வராம பார்த்துக்கோ’ என்பதைத்தான் நினைவு தெரிந்த நாளிலிருந்து சொல்லிவந்தாள். அன்றைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த ஒரு வரியை இவ்வளவு காலம் கேட்டுக்கொண்டிருந்த கடவுள் என்ன நினைத்திருப்பார் என்று முதல் தடவையாக யோசித்தாள். தன் படைப்பில் ஒன்று, தினமும் தன் முன்னால் வந்து, நான் இருப்பதே தெரியாமல் என்னை வைத்துக்கொள் என்று வேண்டினால் படைத்தவருக்குச் சங்கடமாகத்தானே இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, ‘இடைஞ்சலா இருக்கிறதுக்குக் கொஞ்சம் தைரியம் கொடு’ என்று மாற்றிச் சொன்னாள். சொன்ன பிறகு யாராவது கேட்டிருப்பார்களோ என்று திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலையில், தம்பி கொட்டகைக்குள் நுழைந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கடப்பாரையைக் கொண்டுவந்து அந்தப் பலகையைச் சட்டத்தோடு பெயர்த்தெடுத்தாள். கண்டக்டர் முதலில் தலையை நீட்டியது, பின் உடம்பை. மற்றவை ஒவ்வொன்றாக வீட்டுக்குள் போயின. போகாதவை பஸ்ஸிலேயே விரிந்து படுத்தன. என்ன செய்கிறாய் என்று தம்பி கேட்டான். இதுவரை பார்க்காதபோது செய்ததைப் பார்க்கும்போது செய்கிறேன் என்றாள். பலகையைக் கொட்டகை வாசலில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் சாத்தி வைத்தாள். புது எண்ணுக்கு நான் ஆள் இல்லை, லாரி வரட்டும், பத்துக்கு மேல் ஒன்றும் உள்ளே போகாது என்றும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது, துணியை எடு என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். அதனால்தானோ என்னவோ தம்பி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்காவாவது எதிர்த்து நிற்பதாவது, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று தன் மனைவியிடம் சொன்னானாம்.

இரண்டு நாளும் போயின. லாரி வரவேண்டிய அன்று காலையில் வீட்டுக்காரர் இடுப்பைத் தடவிக்கொண்டே எழுந்தார். “ராத்திரி தூக்கத்துல காலை நீட்டி என்னை ஒரு உதை உதைச்சே பாரு” என்றார். அவள் பதறிப்போனாள். “பதறாதே. இவ்வளவு வருஷத்துல முதல் உதை. நல்லாத்தான் இருந்துச்சு” என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் தாண்டி லாரி வந்து கொட்டகை வாசலில் நின்றது. தட்டிகளின் இடுக்குகளில் இளஞ்சிவப்பு மூக்குகள் வரிசையாக நீண்டு காற்றை முகர்ந்தன. குதிரையக்கா முதலில் செய்தது, குழாயை இழுத்து வந்து லாரி மேல் தண்ணீர் பீய்ச்சியதுதான். வெயிலில் வந்த பிள்ளைகள். பிறகு பின்கதவைத் திறந்து, கையால் தொட்டு எண்ணி, ஓர் அறைக்குப் பத்து என்று ஒவ்வோர் அறையாக நிரப்பினாள். தம்பி வந்து சேர்ந்தபோது காலி அறையெல்லாம் முடிந்திருந்தது. லாரியில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. அவற்றுக்கு வைக்கோலைப் பரப்பி, இரண்டு வாளித் தண்ணீரையும் உள்ளே வைத்து, பின்கதவைச் சாத்தினாள். கொட்டகைக் கதவையும் சாத்தித் தாழ் போட்டாள். வாசலில் ஒற்றைப் படி உண்டு, அகலம் குறைந்த சிமெண்ட் படி. அதன் நடுவில் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள்.

“மிச்சம்?” என்றான் தம்பி.

“உன் வீட்டு ஹால் பெருசுதானே.”

லாரிக்குள் இருந்த வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்றிக்கொண்டார். தம்பி அவரிடம் திரும்பினான். மாமா, நீங்கள் இறங்கி வந்து அக்காவுக்குச் சொல்லுங்கள் என்றான். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “மாப்ளே, நான் ஏத்துறவன், இறக்குறவன். நடுவுல நடக்கிறது என் டிபார்ட்மெண்ட் இல்ல” என்றார். பிறகு என்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். என்ஜின் சத்தம் நின்றதும் குட்டிகள் தண்ணீர் உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

தம்பி கெட்டவன் இல்லை. அப்படி இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அவன் முதலில் கம்பெனிக்காரரைச் சொல்லிக் கெஞ்சினான். பிறகு பண்ணை போய்விட்டால் நம் எல்லாருக்கும்தான் கஷ்டம் என்றான். அவள் தலையாட்டினாள். கஷ்டம்தான், அறைக்குப் பத்தாக வளர்த்ததை வாங்குகிற வேறு ஆளைத் தேடுவோம், கிடைக்காவிட்டால் சேர்ந்து பட்டினி கிடப்போம், நான் வேறு எங்கும் போகமாட்டேன் என்றாள். தாழை மட்டும் திறக்கவில்லை. அவன் குரல் உயர்ந்தது. நாலு நாளாக மனதில் வைத்திருந்ததைக் கொட்டினான்.

“நாம எப்படிக்கா வளர்ந்தோம்? ஒரே ரூம்ல ஏழு பேர் படுத்தோம். அப்பா, அம்மா, நாம அஞ்சு பேர். யாராவது குறைஞ்சு போயிட்டோமா? நெருக்கமா இருந்தா செத்தா போயிடுவாங்க? எனக்கெல்லாம் அப்ப தூங்கின மாதிரி இப்ப தூக்கம் வர்றதில்ல.”

அவன் அதை மனதாரத்தான் சொன்னான். அந்த அறை அவனுக்குச் சொர்க்கம். அவனுடைய நினைவில் அது கதகதப்பான இடம். நடுவில் அவன், இரண்டு பக்கமும் யாரோ ஒருவரின் மூச்சு, காலை எந்தப் பக்கம் நீட்டினாலும் இடம். குதிரையக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். இந்த நெற்றியை எத்தனை தடவை துடைத்திருப்பாள்.

“ஏழு பேர் படுக்கலடா” என்றாள். “ஆறு பேர்தான் படுத்தீங்க.”

அவனுக்குப் புரியவில்லை. “நீதான் உக்காந்துட்டே தூங்குவியே. உனக்குப் படுத்தா தூக்கம் வராது. அதனாலதானே குதிரை...”

அவன் வைத்த பெயர் அவன் வாயிலேயே பாதியில் நின்றது.

“அப்படின்னு நான்தான் சொன்னேன்” என்றாள் குதிரையக்கா. “நீ காலை வீசித் தூங்குவே. சுவரோரம் உக்காந்தா உனக்கு இடம் வந்துச்சு. அம்மா கேட்டப்ப, எனக்கு இதுதான் பிடிக்கும்னேன். எல்லாரும் நம்பிட்டீங்க. நீ சின்னப் பையன், உன் மேல ஒண்ணும் தப்பில்ல. அப்பவும் நான் பலகையை யாருக்கும் தெரியாமத்தான் தூக்கினேன். அதான் அந்த ரூம் போதும்னு இன்னைக்கும் நினைச்சிட்டு இருக்கே.”

குறையாகச் சொல்லவில்லை. மீண்டும் அப்படி ஓர் அறை வாய்த்தால் தம்பிக்காக அவள் உட்கார்ந்துகொண்டுதான் தூங்குவாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தத் தடவை சொல்லிவிட்டுத் தூங்குவாள். அவ்வளவுதான் வித்தியாசம். அது சின்ன வித்தியாசம் இல்லை என்று அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது.

தம்பி லாரியைப் பார்த்தான். வாசலில் சாத்தியிருந்த பலகையைப் பார்த்தான். கம்பெனிக்காரருக்கோ குட்டி அனுப்பியவருக்கோ பேச நினைத்ததுபோலச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். யாரையும் கூப்பிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் லாரிக்குள் ரேடியோவைத் திருகப் போய், வேண்டாம் என்று கையை எடுத்துக்கொண்டார்.

கதவுக்குப் பின்னால் பன்றிகள் தின்று முடித்துப் படுக்க ஆரம்பித்திருந்தன. குதிரையக்காவின் முதுகுக்கு அது தெரிந்தது. ஒவ்வொன்றும் விலாவைச் சரிக்கும்போது வருகிற அந்தப் பெருமூச்சு, இங்கொன்று அங்கொன்று, பிறகு சேர்ந்தாற்போல. கொஞ்சம் தள்ளி, குளம்புகளின் சத்தம் ஒன்று மட்டும் சுற்றிச் சுற்றி இடம் தேடியது. அது கண்டக்டராக இருக்கும். பழக்கதோஷம். காலி இடம் கிடந்தாலும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் நம்பும். பிறகு அந்தச் சத்தமும் அடங்கியது.

தம்பி வந்து படியருகில் நின்றான். உட்காரப்போகிறான் என்பது அவன் முழங்கால் மடங்கிய விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. உடனே அவள் இடுப்பு தானாகவே ஓரத்துக்கு நகரப் பார்த்தது. மூளையைக் கேட்காமல், காலங்காலமாக நகர்ந்து பழகிய இடுப்பு. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் சிமெண்டில் ஊன்றி அதை நிறுத்தினாள். நடுவிலேயே இருந்தாள். படியின் ஓரத்தில் ஒரு கை அகலம்தான் மிச்சம் இருந்தது.

அவன் அதைப் பார்த்தான். அவள் நகர்வாள் என்று காத்திருந்தான். பிறகு அந்த மிச்சத்திலேயே பாதி உடம்பை வைத்து, முழங்கால்களை மார்போடு இழுத்துக் கட்டிக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். அப்படி உட்கார அவனுக்குத் தெரியவில்லை. கால் ஒரு பக்கம் வழுக்கியது, எடுத்து மடக்கினான். மறுபடியும் வழுக்கியது. எதிரே லாரியின் தட்டி இடுக்குகளில் ஈர மூக்குகள் அவர்கள் இருவரையும் பார்த்து அசைந்துகொண்டிருந்தன.